ஏழு மணிக் கூட்டம்

என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பேச்சே கிடையாது. சனிக்கிழமை ராத்திரி கிளினிக்கைப் பூட்டும்போது கம்பவுண்டரிடம் "சரிப்பா, பார்ப்போம்" என்பேன். அதற்கப்புறம் திங்கட்கிழமை காலை பால் போடுகிறவர் மணி அடிக்கும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. நடுவில் கோயிலில் திருப்பலியின்போது சமாதானம் சொல்லிக்கொள்ளும் கட்டம் வரும். பக்கத்து பெஞ்சுக்காரர் என்னைப் பார்த்துக் கைகூப்புவார், நானும் கூப்புவேன். அந்த இரண்டு விநாடிதான் வாரக்கடைசியில் ஒரு மனித முகம் என் முகத்தை நேராகப் பார்ப்பது.

நான் சில்வியா, மனநல மருத்துவர், வயது அறுபத்தொன்று. ராயபுரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நச்சரித்தவர்களுக்கெல்லாம் நான் பதில் சொன்னதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. என் அக்கா ஆலிஸ் முப்பது வருஷம் என்னோடு இருந்தாள். ஓயாமல் சண்டை போடுவோம். மீன் குழம்பில் புளி அதிகம், மின்விசிறியை ஏன் நிறுத்தவில்லை, இதற்கெல்லாம் சண்டை. போன வருஷம் தவக்காலத்தில் போய்ச்சேர்ந்தாள். இப்போது அரை டம்ளர் அரிசி போடுகிறேன், அதிலும் பாதி மிஞ்சுகிறது.

அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தேன். என் பைத்தியம் அது. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவளுக்கும் ஒரு பைத்தியம் இருக்கக்கூடாதா? விஷயம் இதுதான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்தில் மனம் நொந்துபோன சிப்பாய்களைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் குவித்தார்கள். டாக்டர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினால் இந்த ஜன்மத்தில் முடியாது என்று மொத்தமாக உட்காரவைத்துப் பேசினார்கள். கொஞ்ச நாளில் டாக்டர் சொல்வதைவிடப் பக்கத்துக் கட்டில்காரன் சொல்வது நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துபோயிற்று. அதிலிருந்து பிறந்ததுதான் சேர்ந்து வாழ்ந்தே குணமாகும் வைத்தியம். நோயாளி, நர்ஸ், டாக்டர் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். யார் சமைப்பது, யார் பெருக்குவது, யாரைச் சேர்ப்பது என்பதையெல்லாம் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். டாக்டருக்கும் ஒரு கைதான் கணக்கு. நம் நாட்டிலும் ஐம்பதுகளில் பஞ்சாபில் ஒரு டாக்டர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டு, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்துப் பார்த்திருக்கிறார். உலகத்தில் எந்த மூலையில் எத்தனை பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். மூன்று இரும்புப் பெட்டி நிறைய ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன்.

நானே ஒன்று நடத்தியும் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதில் காலடிப்பேட்டையில் ஓர் அறக்கட்டளை வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தது. வார்டிலிருந்து வெளியே வந்து போக்கிடம் இல்லாத பதினோரு பேர் அங்கே தங்கினார்கள். தினம் காலை ஏழு மணிக்குக் கூட்டம். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்காருவேன். "என்னை டாக்டர்னு கூப்பிடாதீங்க, சில்வியான்னு கூப்பிடுங்க" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். ஒருத்தன்தான் கூப்பிட்டான். மற்றவர்களுக்குக் கடைசிவரை நான் டாக்டரம்மாதான்.

பதினாலாவது மாதம் ஜெரி என்ற பையன், இருபத்தைந்து வயது இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ஒரு வாரமாக ஆளைக் காணோம். அறக்கட்டளைக்காரர்கள் நடுங்கிப்போனார்கள். போலீஸ் வரும், பத்திரிகையில் போடுவான், உடனே மூடுங்கள் என்றார்கள். வீட்டை மூடுகிறோம், உங்கள் ஆளை வந்து அழைத்துப்போங்கள் என்று நான் எல்லாக் குடும்பங்களுக்கும் முறைப்படி கடிதம் எழுதிப் போட்டேன். சொன்ன தேதியில் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேறு ஊருக்கு மாற்றலில் போய்விட்டேன். என் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் இதுதான். "காலடிப்பேட்டை: ஒரு தோல்வியின் வரலாறு" என்று தலைப்பு வைத்தேன். தலைப்பு எனக்கே பிடித்திருந்தது, பாருங்கள்.

அதில் வருகிறவர்களிடம் சம்மதம் வாங்காமல் அச்சுக்குப் போகக்கூடாது. பழைய விலாசங்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பாதிப் பேர் இடம் மாறிவிட்டார்கள். கிடைத்த முதல் ஆள் லோகநாதன், கொருக்குப்பேட்டையில். ஒரு காலத்தில் காதில் சதா குரல் கேட்டு, குரலுக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிப்போன மனிதர். இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறாராம். மூடிக்கிடந்த ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். கூட்ஸ் வண்டி ஒன்று வந்து, பாதி வழியில் நின்று, எங்களை மறித்துக்கொண்டு கிடந்தது.

"இன்னா டாக்டரம்மா, இந்தப் பக்கம்?" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. தலை முழுக்க நரைத்திருந்தது.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். சம்மதப் படிவத்தை நீட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இத்த நா ஒண்டி சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழம மீட்டிங்ல வெக்கிறேன்."

"என்ன மீட்டிங்?"

"நம்ப மீட்டிங்தான். ஏழு மணி மீட்டிங்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். வீட்டைப் பூட்டிய இரண்டாம் நாள், ஜெரி தானாகவே திரும்பி வந்திருக்கிறான். ஆந்திராவில் கூடூர்வரைக்கும் ரயிலில் போய்விட்டு, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறான். பூட்டிய கதவுக்கு முன்னால் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் லோகநாதன், கொடியில் விட்டுப்போன லுங்கியை எடுக்க வந்திருக்கிறார்.

"மூணு பேரும் படில குந்திகினு கீறோம். பேஜாரா கீது, இன்னா பேசறதுன்னே தெர்ல. ஜெரி வாட்ச பாத்தான். 'டேய், மணி ஏழு, மீட்டிங் டைம் ஆச்சே'ன்னான். சரின்னு ஆரம்பிச்சோம். கதவு பூட்டிகினா இன்னா, படி கீதே!"

"அப்புறம்?"

"அப்பால இன்னா? நடந்துகினு கீது. மொதல்ல தெனம். அப்பால வேலவெட்டின்னு ஆயி ஞாயித்துக்கெழம ஒண்டி. கொரோனா டைம்ல போன்ல. அதுலதான் ஜெரி போனான். ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சிகினே மீட்டிங்ல பேசுனான் டாக்டரம்மா. 'நா இன்னிக்கி சுமாரா கீறேன்'னான். அதான் கடேசி."

கூட்ஸ் நகர்ந்தது, கேட் திறந்தது, பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து என்னைத் திட்டினார். நான் அசையவே இல்லை. இருபத்துநாலு வருஷம்! என் பெட்டிகளில் இருக்கும் எந்த ஊர்க் கூட்டமும் இப்படி டாக்டரே இல்லாமல் இத்தனை காலம் நடந்ததாகப் படித்ததில்லை. நான் அமிர்தசரஸுக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இது என் வீட்டிலிருந்து இருபது நிமிஷ மெட்ரோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தது.

"நானும் வரேன் லோகநாதன். இந்த ஞாயிறே வரேன்."

அவர் முகம் ஒரு மாதிரியாயிற்று. சைக்கிள் மணியைத் தேய்த்துக்கொண்டே, "கேட்டு சொல்றேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் உண்டாக்கிய கூட்டம், அதற்கு நான் அனுமதி வாங்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமால் டமாலென்று போட்டேன். கேட்கத்தான் ஆள் இல்லை. ஆனால் ராத்திரி படுக்கப்போகும்போது கோபமெல்லாம் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாலு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அந்த நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வட்டத்தில் எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புத்தகமெல்லாம் சும்மா சாக்கு. சின்னப்பிள்ளை மாதிரி ஆசைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லோகநாதன் இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார். வரலாம், ஆனால் படியில்தான் உட்கார வேண்டும். ஏனென்றால் சட்டம் அப்படி. சொல்லாமல் போனவர்கள் திரும்பி வந்தால், ஏன் வந்தேன் என்பதைக் கூட்டத்துக்கு உண்மையாகச் சொல்ல வேண்டும். அப்புறம் எல்லாரும் கைதூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் சேர்த்துக்கொள்ள முடியாது, ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம்.

"இந்தச் சட்டத்தை யார் போட்டது?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"நீங்கதான்" என்றார்.

அட, ஆமாம். ஜெரி அடிக்கடி காணாமல் போவான் என்பதற்காக நான்தான் போட்டேன். எங்கோ படித்துவிட்டு, பெருமையாக அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

கூட்டம் இப்போது டெரிக் வீட்டு மொட்டைமாடியில் நடக்கிறது. பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. டெரிக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஒரு காலத்தில் ஒரு வாரம் தூங்காமல் உலகத்துக்கே ராஜா மாதிரி பேசுவான், அடுத்த மாதம் பாயைவிட்டு எழமாட்டான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. இரும்புப் படிக்கட்டின் உச்சியில், கடைசிப் படியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். கைக்குட்டை கரியாகிவிட்டது. உள்ளே நான்கு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று லோகநாதன் முன்னமே சொல்லியிருந்தார். அவரும் டெரிக்கும் தவிர, மூலையில் பச்சையம்மா. நான் விட்டுப்போனபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. இப்போது உடம்பு கனத்து, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலையாம். என்னைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. நாலாவது, மதி என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும், மருந்துக்கடையில் வேலை. பிற்பாடு சேர்ந்தவள், அவளை நான் பார்த்ததே இல்லை.

"மணி ஏழு. மொதல்ல சில்வியா மேட்டரு" என்றான் டெரிக்.

"யாரு இவங்க?" என்று மதி கேட்டாள்.

"இவங்கதான் இத்த ஆரம்பிச்சவங்க" என்றார் லோகநாதன்.

"அப்ப இன்னாத்துக்கு படில குந்திகினு கீறாங்க?"

"சொல்லாம போயிட்டாங்க."

"ஓ" என்றாள் மதி. அந்த ஒரு 'ஓ' என்னை நார்நாராகக் கிழித்துப்போட்டது.

"சொல்லு சில்வியா. ஏன் வந்த?"

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். பையிலிருந்து அத்தியாயத்தை எடுத்து நீட்டினேன். வரலாறு, ஆவணம், வருங்கால டாக்டர்களுக்குப் பயன்படும் என்றெல்லாம் ஐந்து நிமிஷம் பேசினேன். டெரிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தலைப்பைச் சத்தமாகப் படித்தான்.

"தோல்வியா? இன்னா சில்வியா, நாங்க இங்கதானே குந்திகினு கீறோம்!"

லோகநாதன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மதி சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

"ஏன் யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தினேன். "இருபத்துநாலு வருஷம்! நான் மாற்றல்ல போனது நாலே வருஷம், அப்புறம் ராயபுரத்துலதானே இருந்தேன். ஜெரி சாவுக்குக்கூட என்னைக் கூப்பிடலியே!"

"சொல்லியிருக்கலாம்" என்றார் லோகநாதன். சிரிப்பு போய்விட்டது. "ஆனா நீங்க எங்க வூட்டாளுங்களுக்குதானே லெட்டர் போட்டீங்க டாக்டரம்மா. எங்கள கேக்கலியே. லெட்டர் போட்ட அன்னிக்கி காலீல கூட மீட்டிங்ல எங்ககூட குந்திகினுதான இருந்தீங்க? மொளகா அரைக்கிறது யாரு மொறைன்னு கை தூக்குனோம். நீங்களும் தூக்குனீங்க."

எங்கள் தொழிலில் ஊறிப்போன ஒரு பழக்கம் இருக்கிறது. நோயாளி எதிரில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பார். நாங்கள் கூட வந்தவரைப் பார்த்து, "சாப்பிடுறாரா? தூங்குறாரா? அடிக்கிறாரா?" என்று கேட்போம். பதில் சொல்ல வாய் உள்ளவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது உறைக்காது. அந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கடைசியில் அவசரம் என்று வந்ததும் பதினோரு பேரை விட்டுவிட்டுப் பதினோரு குடும்பங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். அதை முறைப்படி செய்ததாக வேறு புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லை, மாதாவே.

"தப்புதான்" என்றேன். "பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க. உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

டெரிக் தலையை ஆட்டினான்.

"அது இல்ல சில்வியா."

"எது இல்ல?"

"தப்புன்னே ஒனுக்கு இப்பதானே தெரிஞ்சிது. அதுக்காக எப்டி வந்திருப்ப? ஏன் வந்தேன்னு சொல்லு."

என்ன அழகாகப் பிடித்துவிட்டான் பாருங்கள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். போய் என்ன செய்வது? வீட்டுக்குப் போனால் மறுபடி அதே நாற்காலி, அதே சுவர்.

"எனக்கு யாரும் இல்ல" என்றேன். "அக்கா இருந்தா, செத்துட்டா. ஞாயித்துக்கிழமை பேச ஆள் இல்ல. நான் எப்படி இருக்கேன்னு கேக்க ஒரு நாதி இல்ல. ஊர்ல உள்ளவங்க எல்லாம் என்கிட்ட வந்து அவங்க கஷ்டத்தைச் சொல்றாங்க, என் கஷ்டத்தை நான் சுவத்துக்கிட்ட சொல்றேன். நீங்க இங்க உக்காந்து பேசுறீங்கன்னு லோகநாதன் சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. என்னையும் சேத்துக்கங்க. அதுக்குத்தான் வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மூக்கைச் சிந்தக் கைக்குட்டையை எடுத்தால் அது முழுக்கக் கரி. மதி எழுந்துவந்து தன் துப்பட்டா நுனியைக் கொடுத்தாள். புண்ணியவதி.

"அதான்" என்றான் டெரிக் மெதுவாக. "சரி, கை தூக்கலாம்."

அவன் கை முதலில் போயிற்று. மதி இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்று போதும் என்று லோகநாதன் அடக்கிவிட்டுத் தன் கையையும் தூக்கினார். மூன்று. பச்சையம்மாவின் கைகள் மடியில் கிடந்தன.

"பச்ச" என்றான் டெரிக்.

அவள் குனிந்தே இருந்தாள். "அன்னிக்கி நா அப்பளக் கம்பெனிலேர்ந்து வேல முட்சிட்டு வந்தேன்" என்றாள். "பூட்டு தொங்கிகினு இருந்துச்சி. எங்கண்ணன் லெட்டர் வந்ததயே எங்கிட்ட சொல்லல. வூட்ல சேக்கவும் இல்ல. ஜெரி வர்ற வரைக்கும் நா அந்தப் படிலதான் கெடந்தேன். நாய்ங்கூட எங்கூட குந்தல."

"அதான் மன்னிப்பு கேட்டாங்களேக்கா" என்றாள் மதி. "வயசானவங்க, பாவம். தூக்குக்கா."

"ஒரு கைதானே பச்ச. தூக்கிடேன்" என்றார் லோகநாதன். பிறகு என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

கேட்பாள்தான். எனக்குத் தெரியாதா? பச்சையம்மாவின் வியாதியே அதுதானே. அப்பன் சொன்னான் என்று பதினைந்து வயதில் ஒரு கிழவனுக்குக் கழுத்தை நீட்டினாள். அவன் சொன்னான் என்று பட்டினி கிடந்தாள், அடி வாங்கினாள். கடைசியில் எவனோ கிணற்றில் குதி என்று சொன்னதாகக் காதில் விழுந்து, அதையும் கேட்டுக் குதித்தாள். வார்டில் யார் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்பாள். காலடிப்பேட்டை வீட்டிலும் எந்தக் கேள்விக்கும் கை தூக்குவாள். சாம்பாருக்கும் தூக்குவாள், சாம்பார் வேண்டாம் என்பதற்கும் தூக்குவாள். எல்லாரும் சிரிப்போம். இந்தப் பெண் என்றைக்காவது ஒரு நாள் முடியாது என்று சொல்லிவிட்டால் போதும், குணமாகிவிட்டாள் என்று அவள் கேஸ் சீட்டில் என் கையால் எழுதினேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மடியில் அந்த வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. வார்டில் நான் பேசும் அந்தக் குரலில் "பச்சையம்மா, கையைத் தூக்கும்மா" என்று ஒரே ஒரு தரம் சொன்னால் போதும், அது மேலே வந்துவிடும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. நான் ஒன்றும் உத்தமி இல்லை, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சரி, பெரிய மனசு பண்ணி "உனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம்" என்று சொல்லலாமா என்றால், அதையும் அவள் டாக்டர் உத்தரவாக எடுத்துக்கொண்டு, எனக்காகக் கையைக் கீழே வைத்துக்கொள்வாள். எதைச் சொன்னாலும் அது என் கையாகிவிடும், அவள் கையாக இருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் எந்த வைத்தியமும் பார்த்ததில்லை.

மேம்பாலத்தில் மெட்ரோ ஒன்று திருவொற்றியூர்ப் பக்கம் போயிற்று.

"நா தூக்கல" என்றாள் பச்சையம்மா.

மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டெரிக் கையமர்த்திவிட்டான். "ஒரு கை கம்மி. அடுத்த மாசம் கேக்கலாம் சில்வியா" என்று சொல்லிவிட்டு, அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. லோகநாதன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நாலு படி இறங்குவதற்குள் பின்னால் காலடிச் சத்தம். பச்சையம்மா படியின் தலைமாட்டில் நின்றாள்.

"கோவமா டாக்டரம்மா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"கோவம்தான்" என்றேன். "அழுகையா வருது. பொறாமையாக்கூட இருக்கு."

"எனுக்கு கை நிக்கவே மாட்டேங்குது, பாருங்க" என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. "அடுத்த மாசம் வந்து கேளுங்க. தூக்குவேன்னு சொல்லல. ஆனா வந்து கேளுங்க."

"வரேன்" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். மேலே கூட்டம் ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. முதல் ஆளாகப் பேசியது அவள்தான். "நா இன்னிக்கி நல்லா கீறேன்" என்றாள். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், அதற்கப்புறம் பேச்சு காதில் விழவில்லை. கீழே தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்திருந்த பெண்கள், நான் அழுதுகொண்டே போவதைப் பார்த்து வழிவிட்டார்கள்.

காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் குணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி குணமாகி நிற்பதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நெஞ்சு வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருந்தது. உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மருந்துக் கம்பெனி ரெப்புகள், காஸ்காரர், பிளம்பர், கோயில் ஆபீஸ், கம்பவுண்டர். கடைசிப் பெயர்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன். ரயில் வந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டேன்.